முத்துலட்சுமி ரெட்டி: தங்கையின் மரணத்திலிருந்து அடையாறு மருத்துவமனை வரை... புற்றுநோயில் மீண்ட பெண்களுக்கு அவர் கதை சொல்வது என்ன?

மேல்விஷாரத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மருமகள் கர்ப்பமாக இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துவிட்டு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்குக் காத்திருக்கிறார். அதே வீட்டில் மாமியார். 15 வருடத்துக்கு முன்பு கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்து, கரண்ட் வைத்து (நம்ம ஊரில் கதிர்வீச்சு சிகிச்சையை அப்படித்தானே சொல்கிறோம்) குணமானவர். கொஞ்ச நாளாகத் துணியில் லேசான ரத்தக்கறை. யாரிடமும் சொல்லவில்லை. அந்த நோய்தான் எப்பவோ போயிடுச்சே, இது உடம்புச் சூடாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மருமகளுக்கு வரும் பணத்தில் இருக்கும் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் வாழ்நாளில் பாதியைச் செலவழித்தது மாமியாரின் நோய்க்காக என்பது பலருக்குத் தெரியாது. இப்போது மாமியார் செய்யும் தவறு, முத்துலட்சுமியின் சொந்த வீட்டிலேயே ஒரு உயிரைப் பறித்த தவறுதான்.

யார் இந்த முத்துலட்சுமி?

1886 ஜூலை 30, புதுக்கோட்டை. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் பிறந்தவர். அந்தக் காலத்தில் இந்த ஒரு காரணமே ஒரு பெண் குழந்தையின் எதிர்காலத்தை முடித்துவைக்கப் போதுமானது. முத்துலட்சுமிக்கோ படிப்பு மேல் பிடிவாதம். பள்ளிக்குப் பிறகு ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். பையன்களின் பெற்றோர் எதிர்த்தார்கள். கடைசியில் புதுக்கோட்டை மன்னரே தலையிட்டு அனுமதி கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் பதக்கங்களோடு பட்டம். அடுத்து அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் வேலை. அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். குடும்பத்துக்குள் தனக்குச் சம மரியாதை, தன் வேலைக்குத் தடை இல்லை என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தார்.

பெண்களுக்கு ஏன் பெண் டாக்டர் அவசியம் என்பது வேலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், ஆண் டாக்டரிடம் காட்ட மறுத்த குடும்பங்களின் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்துத்தான் டாக்டரானார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். முத்துலட்சுமி சென்னையில் டாக்டராக வேலை பார்த்ததும் அதே காலகட்டம்தான். இந்த இருவரும் வேறு வேறு ஊர், வேறு வேறு பின்னணி. ஆனால், இருவரும் பார்த்த பிரச்சினை ஒன்றுதான். பெண்ணின் உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் வழியில்லை.

1923: வேறு நோய் என்று நினைத்த புற்றுநோய்

முத்துலட்சுமியின் தங்கைக்கு மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. சீதபேதி என்று நினைத்து வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் தங்கை இறந்துபோனார்.

வீட்டிலேயே டாக்டர். கணவரும் டாக்டர். இருந்தும் நோய் வேறு பெயரில் வளர்ந்துவிட்டது. தங்கை பட்ட வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்த முத்துலட்சுமிக்கு அப்போது விழுந்த கேள்விதான் அடுத்த 30 வருடமும் விடவில்லை. புற்றுநோய்க்கென்று ஒரு இடம் ஏன் இங்கே இல்லை?

1925-ல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் சம்பந்தமான உயர்பயிற்சிக்கு லண்டன் போனார். திரும்பி வந்ததும் மருத்துவமனை கட்ட முடியவில்லை. அதற்குள் வேறு ஒரு வேலை வந்துவிட்டது.

நடுவில் ஒரு அரசியல் வாழ்க்கை

சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். 1927-ல் அவையின் துணைத் தலைவரும் ஆனார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, பெண்களின் திருமண வயதை உயர்த்துவது என்று பேசிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றிலும் பெரிய சண்டை, தேவதாசி முறை ஒழிப்பு. தன் அம்மா பிறந்த மரபின் கதை அது. 1920-களின் இறுதியில் அவர் தொடங்கிவைத்தது, 1947-ல் முழுத் தடைச் சட்டமாக முடிந்தது.

1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்து அவைப் பதவியைத் தூக்கிப்போட்டார். அதே காலத்தில், போக இடமில்லாத சிறுமிகளுக்காக அவ்வை இல்லத்தையும் தொடங்கினார். பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் முத்துலட்சுமி கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

அடையாறில் 12 படுக்கைகள்

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. அந்த மேடையில்தான் புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற ஆசையை வெளிப்படையாகச் சொன்னார். ஆதரவு பெரிதாக இல்லை. புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்பதுதான் பொதுவான எண்ணம். மலேரியா, காசநோய், காலரா என்று கூட்டம் கூட்டமாக மக்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், அரசு அதிகாரிகளுக்கும் இது தேவையில்லாத செலவாகத்தான் தெரிந்தது.

அவர் விடவில்லை. 1949-ல் இந்திய மாதர் சங்கம் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி, வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாகப் பணம் திரட்டினார்கள். வயது 60-ஐத் தாண்டிய ஒருவர் கையில் நிதிப் புத்தகத்தோடு அலைந்த காலம் அது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய் சிகிச்சை படித்துவிட்டுத் திரும்பி, அம்மாவோடு சேர்ந்துகொண்டார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. சிறிய கட்டடம், 12 படுக்கைகள், விரல் விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். அடுத்த வருடம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021-ல் இறக்கும்வரை அவர் அங்கிருந்து போகவே இல்லை.

1950-களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்து இறங்கியது. இந்தியாவில் அது ஒரு முன்னோடிக் கருவி. அதனால் அதிகம் பலன் பெற்றவர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்த பெண்களும் இருந்தார்கள். அன்று தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வந்த புற்றுநோய் அதுதான். பெரும்பாலானவர்கள் ஆபரேஷன் செய்யும் கட்டத்தைத் தாண்டித்தான் வருவார்கள். அவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டுமே வழி.

அதாவது, புற்றுநோய் என்றால் சாவு என்ற நிலை மாறி, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போய், பேரன் பேத்தி பார்த்த பெண்களின் ஒரு தலைமுறை உருவானது. முத்துலட்சுமி கேட்டது இதைத்தான்.

சரி, குணமானவர்களுக்கு இன்னொரு புற்றுநோய் எப்படி?

இங்கேதான் மேல்விஷாரத்து மாமியாரின் கதைக்குத் திரும்ப வேண்டும்.

கருப்பையின் கழுத்துப் பகுதிதான் கருப்பைவாய். அதற்கு மேலே இருப்பது கருப்பையின் உடல். ஆரம்பக் கட்டத்திலேயே கண்டுபிடித்தால் ஆபரேஷனில் கருப்பையையே எடுத்துவிடுவார்கள். முற்றிய கட்டத்தில் கதிர்வீச்சுதான் முதன்மைச் சிகிச்சை. வெளியிலிருந்து இடுப்புப் பகுதிக்குக் கொடுப்பது ஒன்று. கருப்பைக்குள்ளேயே ஒரு குழாய் வைத்து, அதன் வழியாகக் கொடுப்பது இன்னொன்று. 1999-லிருந்து கூடவே வாரம் ஒருமுறை கீமோ மருந்தும் கொடுப்பது உலகம் முழுக்க வழக்கமானது. இந்த முறையில் நோய் போய்விடும். ஆனால் கருப்பை உள்ளேயே இருக்கும்.

கதிர்வீச்சு புற்றுநோய் செல்லின் மரபணுவை உடைத்துக் கொல்கிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களுக்கும் அடி விழும். பெரும்பாலானவை இறந்துவிடும், அல்லது தன்னைச் சரிசெய்துகொள்ளும். எங்கோ ஒரு செல் மட்டும் உடைந்த மரபணுவோடு பிழைத்துக்கொண்டால், பல வருடம் கழித்து அது புதிய புற்றுநோயாக வளரலாம். கருப்பையின் உட்சுவரில் அப்படி வருவதுதான் இந்த அபூர்வமான இரண்டாம் புற்றுநோய்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். இது பழைய நோய் பரவியது அல்ல. பழைய நோய் திரும்பி வந்ததும் அல்ல. திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 2, 3 வருடங்களுக்குள் வந்துவிடும். இரண்டாம் புற்றுநோய் பெரும்பாலும் 10 வருடம் தாண்டித்தான் வரும். பயாப்ஸி எடுத்து, திசுவைச் சிறப்புப் பரிசோதனைகளுக்கு அனுப்பினால் இது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு பேருக்கு வரும்? கதிர்வீச்சு எடுத்தவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வந்தால், சாதாரணக் கருப்பைப் புற்றுநோயைவிட வேகமாக வளரும் வகையாகவே பெரும்பாலும் இருக்கிறது. அதனால்தான் அபூர்வம் என்று ஒதுக்கிவிட முடியாது.

கருப்பை மட்டுமல்ல. அமெரிக்காவிலும் வடக்கு ஐரோப்பிய நாடுகளிலும் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து மீண்ட 1,04,760 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2007-ல் வெளியானது. கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குச் சிறுநீர்ப்பை, மலக்குடல் போன்ற பக்கத்து உறுப்புகளில் புதிய புற்றுநோய் வரும் வாய்ப்பு, 40 வருடம் கழித்தும் மற்ற பெண்களைவிட அதிகமாகவே இருந்தது.

ஏன் தாமதமாகத் தெரிகிறது?

மூன்று காரணங்கள். முதலாவது, உடம்பு. கதிர்வீச்சால் கருப்பைவாய் தழும்பேறிச் சுருங்கி, சில பேருக்கு அடைத்தே போய்விடும். உள்ளே கட்டி வளர்ந்து ரத்தம் கசிந்தாலும் வெளியே வர வழி இருக்காது. ரத்தம் உள்ளேயே தேங்கி அடிவயிற்று வலி, கனம், வீக்கம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் என்று வேறு மாதிரி காட்டும். ரத்தமே வரலையே என்று நிம்மதியாக இருப்பது இங்கே உதவாது.

இரண்டாவது, பரிசோதனை. கதிர்வீச்சுக்குப் பிறகு திசுக்கள் மாறிவிடுவதால் பாப் ஸ்மியர் முடிவைப் படிப்பதே கஷ்டம். அது எடுக்கப்படுவதும் கருப்பைவாயிலிருந்து, கருப்பைக்குள்ளிருந்து அல்ல. ஸ்கேன், எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்து உள்ளிருந்து பயாப்ஸி என்று போனால்தான் தெளிவாகும்.

மூன்றாவது, மனசு. 1923-ல் சீதபேதி என்று நினைத்தார்கள். இன்று மூலம், சூடு, வயசாயிடுச்சு, யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று நினைக்கிறோம். 10 வருடம் நன்றாக இருந்த பிறகு பழைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனசு வராது. ஷூ கம்பெனியில் ஒருநாள் லீவு போட்டால் சம்பளம் போகும். பீடி சுற்றுபவருக்கு அன்றைய கூலி போகும். அதைவிட, பிள்ளைகளிடம் இந்த இடத்தில் ரத்தம் வருது என்று சொல்வது இன்னும் கஷ்டம்.

அப்போ கதிர்வீச்சே ஆபத்தா? தோல் கழிவுதான் காரணமா?

கதிர்வீச்சைக் கண்டு பயப்படக் கூடாது. 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, சுமார் 80,000 பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் கணக்கு. இவர்களில் முற்றிய கட்டத்தில் வருபவர்களை இன்று காப்பாற்றுவது கதிர்வீச்சுதான். நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, அதுவும் பல வருடம் கழித்து வரக்கூடிய ஒன்றுக்குப் பயந்து சிகிச்சையை மறுப்பது, கைக்கு எட்டிய உயிரை விடுவது மாதிரி. இரண்டாம் புற்றுநோய் என்பதே பிழைத்து நீண்ட நாள் வாழ்பவர்களுக்கு மட்டும் வரக்கூடிய பிரச்சினை.

மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் எந்தப் புற்றுநோய் வந்தாலும் தோல் தொழிற்சாலைத் தண்ணீர்தான் என்று சொல்வது வழக்கம். குரோமியத்தின் ஒரு வகை நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புடையது என்பது உண்மை. அதனால் மாசு பற்றிய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். கதிர்வீச்சுக்குப் பிறகு வரும் கருப்பைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் அந்த வைரஸும் காரணம் இல்லை. எல்லாவற்றையும் தண்ணீர் மேல் போட்டுவிட்டால், செய்யக்கூடிய பரிசோதனையையும் விட்டுவிடுவோம்.

வீட்டில் என்ன செய்யணும்?

உங்க அம்மா, அத்தை, பாட்டி யாராவது இந்தச் சிகிச்சை எடுத்தவரா? முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, போனில் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த வருடம், எவ்வளவு கதிர்வீச்சு, கருப்பை எடுக்கப்பட்டதா இல்லையா என்ற மூன்றும் முக்கியம்.

சிகிச்சை முடிந்த முதல் 2 வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, 5 வருடம் வரை 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை என்பதுதான் வழக்கமான கணக்கு. 5 வருடத்தோடு நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு.

எத்தனை வருடம் ஆனாலும் ரத்தக்கசிவு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி அல்லது கனம் வந்தால் காத்திருக்க வேண்டாம். எல்லா ரத்தமும் புற்றுநோய் இல்லை. கதிர்வீச்சால் சவ்வு மெலிந்தும் ரத்தம் வரும். எது என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும். போகும்போது எனக்கு முன்பு கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள், கருப்பை இருக்கிறது என்று மறக்காமல் சொல்ல வேண்டும். சீக்கிரம் தெரிந்தால் ஆபரேஷனுக்கு வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே கதிர்வீச்சு பட்ட இடம் என்பதால் ஆபரேஷன் சிக்கலானது, மறுபடி கதிர்வீச்சு கொடுப்பதற்கும் வரம்பு இருக்கிறது. அதனால் நாள் போகப் போக வழிகள் குறையும்.

இன்னொரு விஷயம். இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சால் சின்ன வயதிலேயே மாதவிடாய் நின்றவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுப்பதுண்டு. கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாகப் போதாது, அதோடு புரோஜெஸ்டிரானும் வேண்டும். பக்கத்துக் கடையில் தானாக வாங்கிப் போடும் மாத்திரை இல்லை இது.

மேல்விஷாரத்திலிருந்து வேலூர் சிஎம்சி பக்கம்தான். சென்னை போகும் வழியில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதையும் தாண்டினால் அடையாறு. புற்றுநோய் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு.

கடைசி வரை

1956-ல் முத்துலட்சுமிக்கு பத்மபூஷண் விருது வந்தது. அதன் பிறகும் அவர் அவ்வை இல்லம், புற்றுநோய் மருத்துவமனை இரண்டுக்கும் நடந்துகொண்டேதான் இருந்தார். 1968 ஜூலை 22-ல், 82-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது காலமானார். 12 படுக்கையில் தொடங்கிய இடம் அவர் கண் முன்னாலேயே நாட்டின் முக்கியப் புற்றுநோய் மையங்களில் ஒன்றாக வளர்ந்திருந்தது. இன்று அவர் பிறந்த ஜூலை 30-ஐ மருத்துவமனை தினமாகத் தமிழ்நாடு அரசு கொண்டாடுகிறது.

தங்கையைக் காப்பாற்ற அவரிடம் மருத்துவமனை இல்லை, கருவி இல்லை, நேரமும் இல்லை. இன்று மேல்விஷாரத்து மாமியாருக்கு இவை எல்லாம் இருக்கிறது. பாக்கி ஒன்றுதான். துணியில் பார்த்த அந்தக் கறையை வீட்டில் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அதை அவர் சொல்லும்வரை காத்திருக்காமல், இன்று ராத்திரியே நீங்கள் கேட்டுவிடலாம்.